வரவேற்பறைக்குள் ஒரு ஸ்டேடியம்: ராக் இசை நிகழ்ச்சி வீடியோவை முறையாகப் பார்ப்பது எப்படி

ஸ்டேடியத்தில் நடக்கும் ராக் இசை நிகழ்ச்சி, மேடைக்கு முன்னால் நிற்பவரை மட்டும் கருதி அமைக்கப்படுவதில்லை. பாடகரின் முகமே தெரியாத கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அது எட்ட வேண்டும் என்பதற்காகத்தான் மேடை அவ்வளவு உயரமாகவும், திரைகள் அவ்வளவு பெரியவையாகவும், விளக்குகள் வானத்தைத் தொடும்படியும் வைக்கப்படுகின்றன. அதே நிகழ்ச்சி வட்டில் பதிவாகி வீட்டுக்கு வரும்போது முகங்கள் அருகில் வந்துவிடுகின்றன, ஆனால் அந்தத் தூரமும் கூட்டமும் எளிதில் காணாமல் போய்விடுகின்றன. வீட்டில் இத்தகைய வீடியோவைப் பார்ப்பவர் செய்ய வேண்டிய வேலை பெரும்பாலும் அந்த இழந்த தூரத்தை மீட்பதுதான் என்பது என் உறுதியான கருத்து. தொலைக்காட்சியின் அமைப்பு, ஒலிபெருக்கிகளின் இடம், அறையின் வெளிச்சம், பார்க்கும் முறை ஆகிய எல்லாவற்றையும் இந்த ஒரு நோக்கத்தை வைத்தே கீழே விளக்குகிறேன்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு நிகழ்ச்சியை முன்னிறுத்திக்கொள்வது நல்லது. அயர்லாந்தின் யூ2 குழு 2009 ஜூன் இறுதியில் பார்சிலோனாவில் தொடங்கி 2011 ஜூலை வரை நடத்திய '360 டிகிரி' சுற்றுப்பயணத்தின்போது, 2009 அக்டோபர் 25 அன்று அமெரிக்காவின் பாசடீனா நகரிலுள்ள ரோஸ் பவுல் ஸ்டேடியத்தில் அளித்த நிகழ்ச்சி அது. அன்று அங்கே 97,000-க்கும் மேற்பட்டவர்கள் கூடியிருந்தார்கள். நிகழ்ச்சி யூடியூபில் நேரலையாகவும் ஒளிபரப்பானது. 27 கேமராக்களைக் கொண்டு இயக்குநர் டாம் குரூகர் எடுத்த பதிவு, 2010-இல் டிவிடியாகவும் புளூ-ரேயாகவும் வெளிவந்தது. மேடை நடுவில் இருக்க, ரசிகர்கள் நான்கு புறமும் சூழ்ந்திருந்ததால்தான் சுற்றுப்பயணத்துக்கு அந்தப் பெயர் அமைந்தது. நிகழ்ச்சி வடிவமைப்பாளர் வில்லி வில்லியம்ஸும் கட்டடக் கலைஞர் மார்க் ஃபிஷரும் உருவாக்கிய நான்கு கால் எஃகுக் கட்டமைப்பு ஏறத்தாழ 50 மீட்டர் உயரம் கொண்டது. அதை எல்லோரும் 'நகம்' என்று பொருள்படும் 'கிளா' என்ற பெயரால் அழைத்தார்கள். ஒலிபெருக்கிகளையும் விளக்குகளையும் திரையையும் அந்தக் கால்களே தாங்கியதால், மேடைக்கும் ரசிகருக்கும் இடையில் பார்வையை மறைக்கும் பெரிய தூண்களோ பின்சுவரோ இல்லாமல் போயின.

எந்தப் பதிப்பை வாங்குவது

இசை நிகழ்ச்சி வீடியோவைப் பொறுத்தவரை, பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் கவனம் ஒரு சாதாரணத் திரைப்படத்துக்குக் காட்டுவதைவிட இரு மடங்காக இருக்க வேண்டும். மின்னும் விளக்குகள், புகை, அசையும் ஆயிரக்கணக்கான தலைகள், மேடைத் திரையில் ஓடும் இன்னொரு வீடியோ ஆகிய அனைத்தும் ஒரே சட்டகத்தில் (ஃப்ரேமில்) ஒவ்வொரு கணமும் மாறிக்கொண்டே இருக்கின்றன. வீடியோவைச் சுருக்கிச் சேமிக்கும் தொழில்நுட்பமோ, அடுத்தடுத்த சட்டகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும் என்ற எதிர்பார்ப்பின்மீது நிற்கிறது. அந்த எதிர்பார்ப்பு பொய்க்கும்போது படம் சதுரக் கட்டங்களாக உடைகிறது. டிவிடியில் ஒரு சட்டகத்துக்கு 720-க்கு 480 அல்லது 720-க்கு 576 புள்ளிகள்தான் கிடைக்கும். அதாவது ஏறத்தாழ நான்கு லட்சம் புள்ளிகள். புளூ-ரேயில் 1920-க்கு 1080 என்ற கணக்கில் இருபது லட்சத்துக்கு மேல் கிடைக்கும். நொடிக்கு அனுப்பப்படும் தரவிலும் இரண்டுக்கும் இடையே பெரிய இடைவெளி உண்டு: டிவிடியில் படத்துக்கான உச்சவரம்பு நொடிக்கு 10 மெகாபிட்டைத் தொடாது, புளூ-ரேயின் படத்துக்கு மட்டும் 40 மெகாபிட் வரை ஒதுக்கலாம். நிகழ்ச்சி முழுவதும் முகங்களை அருகில் காட்டினால் இந்த வேறுபாடு அவ்வளவு உறுத்தாது. ரோஸ் பவுலின் தொலைதூரக் காட்சியில், ஒவ்வொரு ரசிகரும் தனித்தனி மனிதராகத் தெரிகிறாரா அல்லது எல்லோரும் சேர்ந்து ஒரு சாம்பல் நிறப் படலமாகத் தெரிகிறார்களா என்பதை இந்த எண்கள்தான் முடிவு செய்கின்றன. ஆகவே இயன்றவரை புளூ-ரேயையே வாங்க வேண்டும். இணைய ஓடையில் (ஸ்ட்ரீமிங்கில்) மட்டுமே கிடைக்கிறது என்றால், செல்பேசியிலிருந்து திரைக்கு அனுப்பாமல், தொலைக்காட்சியிலோ அதனுடன் இணைத்த பெட்டியிலோ நேரடியாக இயக்கி, தரத்தைத் 'தானியங்கி' நிலையில் விடாமல் கிடைக்கும் உச்ச நிலைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வட்டு வாங்குபவர்கள், அது உலகின் எந்தப் பகுதியில் விற்கப்படும் இயக்கியில் (பிளேயரில்) ஓடும் என்று காட்டும் மண்டலக் குறியீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்தியாவில் விற்கப்படும் டிவிடி இயக்கிகள் 5-ஆம் மண்டலத்துக்கும், புளூ-ரே இயக்கிகள் 'சி' மண்டலத்துக்கும் உரியவை. இசை நிகழ்ச்சி வட்டுகள் பல எல்லா மண்டலங்களிலும் ஓடும்படி வருகின்றன என்றாலும், உறையின் பின்பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

பழைய நிகழ்ச்சிகளை வாங்கும்போது, அவை முதலில் எதில் படமாக்கப்பட்டன என்று விசாரிப்பது பயன் தரும். இதற்குப் பிரிட்டனின் குயீன் குழுவின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தைக் காட்டிலும் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து வேறில்லை. அவ்வாண்டு ஜூலை 12 அன்று லண்டன் வெம்ப்லி ஸ்டேடியத்தில் நடந்த நிகழ்ச்சி, அக்காலத் தொலைக்காட்சித் தரத்தில் வீடியோ நாடாவில் பதிவானது. இரண்டு வாரம் கழித்து, ஜூலை 27 அன்று புடாபெஸ்ட்டின் நேப்ஸ்டேடியனில் நடந்ததோ 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் எடுக்கப்பட்டது. ஃபிலிமில் பதிந்த நுணுக்கத்தை இன்றைய கருவிகளால் புதிதாக நகலெடுக்க முடிகிறது. நாடாவில் பதியாத நுணுக்கத்தை எந்தக் கருவியாலும் வரவழைக்க முடியாது. அதே பாடகர், அதே குழு, ஏறத்தாழ அதே பாடல்கள் என்றிருந்தும், இன்றைய பெரிய திரையில் புடாபெஸ்ட் பதிவு பளிச்சென்று இருக்கிறது. வெம்ப்லி பதிவை அதன் வரலாற்றுப் பெருமைக்காகவும் பாடகர் ஃப்ரெடி மெர்குரிக்காகவும் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் அதைத் திரை முழுவதும் இழுத்து விரிக்காமல், 4:3 என்ற அதன் சொந்தச் சட்டகத்தில், இருபுறமும் கறுப்புப் பட்டையுடனேயே பார்க்க வேண்டும்.

திரையைச் சரிசெய்தல்

கடையில் பார்வைக்கு வைக்கும்போது கண்ணைக் கவர வேண்டும் என்று வைக்கப்படும் 'விவிட்' நிலையில்தான் பல வீடுகளில் தொலைக்காட்சி ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. அதை 'சினிமா' அல்லது 'மூவி' நிலைக்கு மாற்றுவதே முதல் வேலை. அடுத்ததாக, அசைவை மழமழப்பாக்கும் வசதியையும், காட்சிக்கு ஏற்ப ஒளியைத் தானே கூட்டிக் குறைக்கும் வசதியையும் அணைத்துவிட வேண்டும். ஒளியமைப்பாளர் வேண்டுமென்றே அரங்கை இருளாக்கி, அரை நொடி கழித்து ஆயிரம் விளக்குகளை ஒருசேர எரியவிடுகிறார். தொலைக்காட்சி அந்த இருளைத் தன்னிச்சையாக வெளுக்க வைத்துவிட்டால், அடுத்து வரும் வெளிச்சத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்? படத்தின் ஓரங்களை வெட்டிப் பெரிதாக்கும் ஏற்பாடும் பல கருவிகளில் இருக்கிறது. அதையும் நீக்கி, படம் முழுமையாகத் தெரியும் நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இவற்றைச் செய்தபின், கிளா முழுவதும் தெரியும் ஒரு தொலைதூரக் காட்சியில் வீடியோவை நிறுத்தி வைத்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி இரவில் நடந்ததால், மேலே வானம் கறுப்பாகவும், நடுவில் கட்டமைப்பு ஒளிர்ந்தும், சுற்றிலும் ரசிகர் கூட்டம் அரையிருளிலும் இருக்கும். வானம் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் 'பிரைட்னஸ்' அளவைக் குறைக்க வேண்டும். அதைக் குறைத்துக்கொண்டே போகும்போது, தொலைவிலுள்ள இருக்கைகளில் இருப்பவர்கள் வானத்தோடு கலந்து மறைகிற நிலை வரும். அங்கிருந்து ஓரிரு படி திரும்பி வர வேண்டும். வானம் கறுப்பாகவும், கடைசி வரிசை மனிதர்கள் மங்கலாகவேனும் தெரிந்துகொண்டும் இருக்கிற அந்த இடம்தான் சரியான அளவு. பின்னர் இறுதிப் பகுதிக்குச் சென்று, சிவப்புக் கதிர்கள் பாயும் மேலங்கியை அணிந்து, மேலிருந்து தொங்கும் வட்ட ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு குழுவின் பாடகர் போனோ பாடும் காட்சியைப் பார்க்க வேண்டும். வீட்டு வீடியோ வடிவங்கள் எல்லாவற்றிலும் ஒளியின் நுணுக்கத்தில் நான்கில் ஒரு பங்கு நுணுக்கத்தோடுதான் நிறம் சேமிக்கப்படுகிறது. அந்தக் குறை மிகத் தெளிவாக வெளிப்படுவது இருட்டில் எரியும் சிவப்பில்தான். நிற அளவு கூடியிருந்தால் கதிர்கள் தனித்தனிக் கோடுகளாக நிற்காமல் ஒரே சிவப்புக் கறையாகப் பரவும். கோடுகள் பிரிந்து தெரியும்வரை நிறத்தைக் குறைப்பதே இதற்குத் தீர்வு.

அறையின் விளக்குகளை அணைக்க வேண்டும், ஆனால் முழு இருளும் கண்ணுக்கு இதமானதன்று. தொலைக்காட்சிக்குப் பின்புறச் சுவரில் விழும்படி ஒரு சிறு விளக்கு போதும். உட்காரும் தூரத்தைப் பொறுத்தவரை, வழக்கமாகச் செய்தி பார்க்கும் இடத்தைவிட நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப் போடுவதையே பரிந்துரைக்கிறேன். 55 அங்குலத் திரைக்கு ஆறடி என்பது எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஒலி

ஸ்டேடியம் என்ற இடத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதில் படத்தைவிட ஒலிக்கே பங்கு அதிகம். தொலைக்காட்சியோடு வரும் ஒலிபெருக்கிகள் இதற்குப் பயன்படா, சுமாரான சவுண்ட்பார்கூட அவற்றைவிட மேல்.

ஐந்து ஒலிபெருக்கிகளும் ஆழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 அமைப்பு உங்களிடம் இருந்தால், அதில் எது எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு கேட்பது இன்பத்தைக் கூட்டும். இத்தகைய பதிவுகளில் பொதுவாகக் குரலும் இசைக்கருவிகளும் முன்பக்க ஒலிபெருக்கிகளிலும், ரசிகர்களின் ஆரவாரமும் அரங்கத்தின் எதிரொலியும் பின்பக்க ஒலிபெருக்கிகளிலும் வைக்கப்படும். ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்கிறது. ஆகவே மேடையிலிருந்து 100 மீட்டர் தள்ளி நிற்பவரின் காதுக்கு முரசின் அடி, அடித்த கணத்திலிருந்து ஏறத்தாழ 0.3 நொடி தாமதித்தே போய்ச் சேரும். அவர் கைதட்டும் ஓசை மேடைக்குத் திரும்பி வர மேலும் அவ்வளவு நேரம் பிடிக்கும். கூட்டம் முழுவதும் சேர்ந்து பாடும்போது கேட்கும் அந்த விரிந்த, சற்றே கலைந்த ஒலிக்குக் காரணம் இதுதான். ஒலிக்கலவை செய்பவர்கள் இந்தத் தாமதத்தை ஓரளவு திருத்தினாலும் முற்றிலும் அகற்றிவிடுவதில்லை, அகற்றினால் அது ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியதுபோல் ஆகிவிடும். பின்பக்க ஒலிபெருக்கிகளை வீட்டில் தவறாக வைத்தாலும், அளவுக்கு மீறிக் குறைத்தாலும் இழப்பது இந்த விரிவைத்தான். அவை இரண்டும் உட்காருபவரின் இரு பக்கங்களிலும், காதுக்குச் சற்றுப் பின்னால், ஏறத்தாழ 110 டிகிரி கோணத்தில் இருக்க வேண்டும். முன்பக்க ஒலிபெருக்கிகள் இரண்டும் கேட்பவரும் சேர்ந்து ஒரு சமபக்க முக்கோணமாக அமைவது சிறப்பு.

இணைப்பில் இரண்டு இடங்களில் ஒலித்தரம் நமக்குத் தெரியாமலேயே குறைந்துபோகும். புளூ-ரேயில் இருக்கும் இழப்பில்லாத டிடிஎஸ்-எச்டி ஒலி, தொலைக்காட்சியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பும் பழைய 'ஏஆர்சி' இணைப்பு வழியாகப் போகாது. அதன் புதிய வடிவமான 'இ-ஏஆர்சி' வசதி இல்லாவிட்டால், இயக்கியின் எச்டிஎம்ஐ கம்பியை முதலில் ஒலிபெருக்கிகளை இயக்கும் ரிசீவரில் செருகி, அங்கிருந்து தொலைக்காட்சிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றொன்று, இயக்கியின் ஒலி அமைப்புகளில் 'செகண்டரி ஆடியோ' அல்லது 'பிடி ஆடியோ மிக்ஸ்' என்ற பெயரில் இருக்கும் வசதி. அது இயங்கிக்கொண்டிருந்தால் உயர்தர ஒலி, தரம் குறைந்த வடிவத்துக்கு மாற்றப்பட்டே வெளியேறும் என்பதால் அதை அணைத்துவிட வேண்டும். பின்னர் வட்டின் பட்டியலில் சென்று, எந்த ஒலித்தடம் தேர்வாகியிருக்கிறது என்பதையும் சரிபார்க்க வேண்டும். இரண்டே ஒலிபெருக்கிகள் வைத்திருப்பவர்கள் 5.1 தடத்தைச் சுருக்கிக் கேட்பதைவிட, வட்டில் ஸ்டீரியோ தடம் தனியாக இருந்தால் அதையே கேட்க வேண்டும். அது இரண்டு ஒலிபெருக்கிகளுக்கென்றே கலக்கப்பட்டது.

படமும் ஒலியும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கப் பாடகரின் உதட்டைவிட முரசு நல்ல சான்று. குழுவின் முரசுக் கலைஞர் லாரி மல்லன் தன் குச்சியை ஸ்னேர் முரசின்மீது இறக்கும் அருகாமைக் காட்சி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். குச்சி தோலைத் தொடும் கணத்திலேயே அடி கேட்க வேண்டும். குச்சி மேலே திரும்பும்போது கேட்டால் ஒலி தாமதிக்கிறது, தொடுவதற்கு முன்பே கேட்டால் படம் தாமதிக்கிறது. 'ஏவி சிங்க்' என்ற அமைப்பில் மில்லி நொடிக் கணக்கில் இதைத் திருத்தலாம். புளூடூத் ஒலிபெருக்கிகளில் இந்தத் தாமதம் பெரிதாக இருக்கும் என்பதால் கம்பி இணைப்பே மேல்.

நம் ஊர் வீடுகளுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் உண்டு. டைல்ஸ் தரை, பூசிய சுவர், கான்கிரீட் கூரை என்று எல்லாப் பரப்பும் கடினமாக இருப்பதால், உரத்த இசை அறைக்குள் மோதி மோதிக் கூச்சலாகிவிடுகிறது. பதிவில் ஏற்கெனவே ஒரு மாபெரும் அரங்கின் எதிரொலி இருக்கும்போது, அதன்மேல் பத்தடி அறையின் எதிரொலியும் ஏறினால் தூரம் என்ற உணர்வே அழிந்துவிடும். நடு அறையில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். கணீரென்று ஒரு வால் ஓசை நீண்டால், தரையில் தடித்த ஜமக்காளம் ஒன்றை விரித்து, சன்னலுக்குக் கனத்த திரைச்சீலை போட்டு, ஒலிபெருக்கிக்கு எதிர்ச்சுவரில் புத்தக அலமாரியையோ சாய்த்து வைத்த மெத்தையையோ வைத்தால் போதும். பல ஆயிரம் ரூபாய் செலவழித்து வாங்கும் புதிய கருவி தராத தெளிவை இந்த ஜமக்காளம் தரும் என்பதை நான் முழு நம்பிக்கையோடு சொல்வேன். சப்வூஃபரை மூலையில் வைத்தால் ஒலி பெருகும், ஆனால் ஆடம் கிளேட்டனின் பேஸ் கித்தாரில் ஒரு சுரமும் அடுத்த சுரமும் பிரியாமல் குழம்பும். மூலையிலிருந்து இரண்டடி நகர்த்திக் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

உரக்கக் கேட்க வேண்டிய இசைதான் இது என்பதில் ஐயமில்லை. இருந்தாலும் உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபல் ஒலிக்கு வாரத்தில் 40 மணி நேரமும், 90 டெசிபலுக்கு வாரத்தில் 4 மணி நேரமும்தான் பாதுகாப்பான எல்லை என்கிறது. நிகழ்ச்சியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுவதால், செல்பேசியில் ஒலியளவைக் காட்டும் செயலி ஒன்றை வைத்து ஒருமுறை அளந்து, 85-ஐ ஒட்டி நிறுத்திக்கொள்வது காதுக்கு நல்லது. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலி மாசு விதிகள் கடுமையாக இருப்பதையும், கான்கிரீட் தளம் வழியாக முதலில் கீழ்வீட்டுக்கு இறங்குவது பேஸ் ஒலிதான் என்பதையும் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிப்போர் கருத்தில் கொண்டு, மாலை 6 மணிக்கே தொடங்கிவிடுவது உசிதம்.

பார்க்கும் முறை

முதல்முறை இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு, விருப்பமான பாடலுக்குத் தாவும் பழக்கத்தையும் ஒதுக்க வேண்டும். ஒரு ஸ்டேடியம் நிகழ்ச்சியில் காட்சிகள் படிப்படியாக வளரும்படி திட்டமிடப்படுகின்றன. தொடக்கப் பாடல்களில் கிளாவின் நடுவே நீள்வட்டமாகத் தொங்கும் திரை, குழுவினரின் முகங்களைக் காட்டும் வழக்கமான வேலையைத்தான் செய்கிறது. நிகழ்ச்சியின் நடுப்பகுதியில் அது கீழ்நோக்கி விரியத் தொடங்குகிறது. விரிந்து சுருங்கும் வடிவங்களுக்குப் பெயர்பெற்ற சக் ஹோபர்மன் வடிவமைத்த அந்தத் திரை 50 டன்னுக்கும் மேல் எடை கொண்டது. அறுகோணத் துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, ஏழு மாடி உயரத்துக்கு ஒரு கூம்பாக நீண்டு, நான்கு கலைஞர்களையும் ஏறத்தாழ மூடிவிடுகிறது. துண்டுகளுக்கு இடையே திறக்கும் இடைவெளிகளைக் கவனியுங்கள். அவற்றின் ஊடாக எதிர்ப்புறத்து ரசிகர்களின் வெளிச்சம் தெரியும். அதுவரை படம் காட்டும் பரப்பாக இருந்த திரை அந்த நேரத்தில் கட்டடத்தின் ஒரு உறுப்பாக மாறிவிடுகிறது. முந்தைய பாடல்களைத் தாவிவிட்டு இந்த இடத்துக்கு வருபவருக்கு அது வெறும் பொறியியல் வித்தையாகவே தோன்றும்.

படத்தொகுப்பு அருகாமைக் காட்சிகளுக்கு நம்மை இழுத்துக்கொண்டே இருப்பதால், தொலைதூரக் காட்சி வரும் ஒவ்வொரு முறையும் மேடையைப் பார்க்காமல் அதன் ஓரங்களைப் பார்க்கப் பழகிக்கொள்ள வேண்டும். மேடையைச் சுற்றி ஒரு வட்டப் பாதை இருக்கிறது. மேடையையும் அந்தப் பாதையையும் இணைக்கும் பாலங்கள் நகரக்கூடியவை. போனோவோ கித்தார் கலைஞர் எட்ஜோ வட்டத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார்கள், அந்தப் பக்கத்து இருக்கைகளில் எழும் சலனம் எப்படி அவர்களோடு நகர்கிறது என்பதைத் தொடர்ந்து பார்த்தால் அரங்கத்தின் வரைபடம் மனத்தில் பதிந்துவிடும். லாரி மல்லன் முரசுத் தொகுதியை விட்டு எழுந்து, கழுத்தில் மாட்டிய ஆப்பிரிக்க முரசைத் தட்டிக்கொண்டே அந்த வட்டத்தில் நடந்து வருகிற பாடல், இந்த வரைபடத்தைச் சரிபார்க்க ஏற்றது. நிகழ்ச்சி முழுவதும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும் கலைஞர் எல்லாப் பக்கத்து ரசிகர்களையும் நெருங்கிச் செல்லும் அரிய வாய்ப்பு அது.

2019 டிசம்பர் 15 அன்று நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் ஸ்டேடியத்தில் இதே குழுவின் நிகழ்ச்சிக்கு ஏ.ஆர். ரஹ்மானும் வந்து மேடையேறினார். அதை நேரில் கண்டவர்கள் தங்கள் நினைவிலுள்ள அரங்கத்தோடு இந்தப் பதிவை ஒப்பிட்டுப் பார்ப்பது தனி இன்பம். அன்றைய மேடை ஒரு பக்கமாக அமைந்தது, ரோஸ் பவுலில் இருப்பதுபோல் நடுவில் அன்று.

இரண்டாம்முறை பார்ப்பதற்கு முன், புளூ-ரேயிலேயே இணைக்கப்பட்டுள்ள, இந்த மேடை உருவான விதத்தைச் சொல்லும் ஆவணப்படத்தைப் பார்த்துவிட வேண்டும். முதலிலேயே பார்த்தால் வியப்பு குறைந்துவிடும், பார்க்காமலே விட்டால் பாதி உழைப்பு கண்ணில் படாது. அதன்பின் ஒரு பாடலுக்கு ஒரு கலைஞரை மட்டும் பின்தொடர்ந்து கேட்கலாம். எட்ஜின் கித்தாரில் தாமத எதிரொலிக் கருவி ஒவ்வொரு சுரத்தையும் தாளத்துக்கு இடைப்பட்ட இடத்தில் திரும்ப ஒலிக்கச் செய்கிறது. விரல் மீட்டுவதைவிட இரு மடங்கு சுரங்கள் கேட்பது அதனால்தான். அவருடைய வலது கையைக் காட்டும் சட்டகம் வரும்போது கையசைவுகளை எண்ணிக்கொண்டு, காதில் விழும் சுரங்களையும் எண்ணிப் பார்த்தால், எவை விரலிலிருந்து வருகின்றன, எவை கருவியிலிருந்து வருகின்றன என்று பிரித்தறிய முடியும். இதற்குக் கடைசிப் பகுதியில் வரும், தெருக்களுக்குப் பெயரில்லாத இடத்தைப் பற்றிய 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' என்ற அந்தப் புகழ்பெற்ற பாடலின் தொடக்க நிமிடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. முதலில் ஹெட்ஃபோனில் கேட்டுப் பிரித்தறிந்தபின், ஒலிபெருக்கிகளில் அதே நிமிடத்தை மறுபடியும் ஓட்டிக் கேளுங்கள்.